மருந்துக் குப்பியில் ஒரு கல்

என் சொல்லை ஒருநாளும் சந்தேகப்படாத அப்பாவுக்கு,

நேற்று சித்தப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்தோம். உங்களுக்குச் செய்த அதே ஆபரேஷன். தொப்புளில் ஒரே ஒரு வெட்டு. அதன் வழியாகவே கேமராவையும் கருவிகளையும் விட்டு, புற்று வந்த சிறுநீரகத்தைப் பைக்குள் போட்டு வெளியே எடுத்துவிட்டார்கள். வரும் வழியில், அம்பாசமுத்திரத்துக்கு முன்னால் ஆற்றுப் பாலம் வந்தது. நான் வெளியே பார்க்கவில்லை.

உங்களுக்கு வந்தது புற்று என்று உங்களிடம் யாரும் சொல்லவில்லை. "அந்தப் பேரைக் கேட்டா மனுசன் அங்கனயே சாஞ்சிருவாரு, கல்லுன்னு சொல்லிரு" என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நோயாளிக்குத் தெரிய வேண்டும் என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன். கையெழுத்துக்கு ஆபரேஷன் படிவத்தை நீட்டியபோது நீங்கள் படித்துக்கூடப் பார்க்கவில்லை. "எங்கன போடணும்னு காட்டுட்டி" என்றீர்கள். காட்டினேன்.

மூன்றாம் நாளே எழுந்து நடந்தீர்கள். மில்லில் உங்களோடு வேலை பார்த்த சுடலைமுத்து மாமா பார்க்க வந்தபோது, சட்டையைத் தூக்கித் தொப்புளைக் காட்டினீர்கள்.

"இம்புட்டுத்தானா? இதுக்கா வே நான் ஒரு சீப்புப் பழம் வாங்கிட்டு வந்தேன்?"

"பழத்த வச்சிட்டுப் போரும்வே."

"சரி, கல்ல காட்டும். என் மச்சினனுக்குக் குப்பியில போட்டுல்லா குடுத்தாங்க."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

மறுநாள் ஆற்றங்கரையில் குனிந்து, மிளகு அளவில் ஒரு கல்லைப் பொறுக்கினேன். காலி மருந்துக் குப்பியில் போட்டு உங்களிடம் கொடுத்தேன். விலங்கியல் படித்துப் பட்டம் வாங்கியவள் அப்பா நான்.

அது உங்கள் சட்டைப் பையிலேயே இருந்தது. டீக்கடையில் ஆட்டிக் காட்டுவீர்கள். ஆறாம் மாத ஸ்கேனுக்குக் கூப்பிட்டபோதும் அதையே ஆட்டினீர்கள். "கல்லு இங்கன கெடக்கு. பொறவு உள்ள என்னத்தத் தேடப் போறாங்க?" என்னிடம் பதில் இருந்தது. கதவோரம் நின்ற அம்மா, வேண்டாம் என்று தலையசைத்தாள். வாயை மூடிக்கொண்டேன். அடுத்த தடவையும்.

இருமல் வந்தபோது நுரையீரலுக்குப் பரவியிருந்தது. ஸ்கேன் எடுத்திருந்தால் பிழைத்திருப்பீர்களா? "முன்னாடியே தெரிஞ்சிருக்கும்" என்று மட்டும் சொன்னார் டாக்டர். "கல்லுதான் எடுத்தாச்சே, பின்ன ஏன் இப்படி இழுக்கு?" என்று மூச்சுக்கு நடுவே கேட்டீர்கள். அப்போதும் நான் சொல்லவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டீர்களா?

சித்தப்பாவுக்கு வந்தபோது சித்தியும் கல் என்றே சொல்லச் சொன்னாள். உங்கள் சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்திருந்த குப்பியைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். இது ஆற்றில் பொறுக்கிய கல், உங்களுக்கு வந்திருப்பது புற்று என்று சொன்னேன்.

"அப்போ அண்ணனுக்கும்?"

"ஆமா சித்தப்பா."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"இல்ல."

குப்பியை என் பக்கம் தள்ளிவிட்டு, "ஸ்கேன் என்னிக்குன்னு எழுதி வையி" என்றார். அதன்பிறகு அவர் என் முகம் பார்த்துப் பேசவில்லை. நேற்று காரிலும் பேசவில்லை.

பேசாவிட்டாலும் அவருடைய ஒவ்வொரு ஸ்கேனுக்கும் கூடப் போவேன், அப்பா. படத்தில் என்ன தெரிகிறதோ, அதை அப்படியே சொல்வேன். கல்லைத் திரும்ப ஆற்றில் போட மாட்டேன். என் கண்ணில் படுகிற இடத்திலேயே அது இருக்கும்.

எங்கே கையெழுத்துப் போடுவது என்று உங்களுக்குக் காட்டிய,
உங்கள் மகள்.