காதுக்குப் பின்னால் மூன்று நாள்

அன்புள்ள பூங்கொடி,

உன் கன்னம் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். எப்படி இருக்கிறது?

இங்கே எல்லாரும் நலம். நான் மட்டும் இரண்டு காதுகளும் அரிக்க உட்கார்ந்திருக்கிறேன். இடது காதுக்குப் பின்னால் ஒரு கிரீம் தடவி இன்று மூன்றாவது நாள். வலது காதில் எதையும் தடவவில்லை. அதுவும் அரிக்கிறது. இதற்கு விஞ்ஞானத்தில் ஏதாவது பெயர் இருக்கும். நம் ஊரில் பயம் என்று சொல்வார்கள்.

நம் கதை தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே மறுபடி சொல்கிறேன், பொறுத்துக்கொள். ரவாங்கில் பாட்டில்களுக்கும் டப்பிகளுக்கும் மூடி செய்கிற தொழிற்சாலையில் நாம் பதினாறு வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம். நீ பேக்கிங். நான் கியூசி, அதாவது தரம் பார்க்கிறவள். கீறல் விழுந்த மூடியை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக் கழிப்பது என் தொழில். மூடிக்குக் கீழே என்ன இருக்கும் என்பது எங்கள் பிரிவின் பொறுப்பில் வராது.

புக்கிட் செந்தோசாவிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போகும் நாற்பது நிமிடம்தான் நம் அழகு நிலையம். அரிசி கழுவிய தண்ணீர், கஸ்தூரி மஞ்சள், கற்றாழை எல்லாம் முடித்து, பசார் மாலாம் இரவுச் சந்தையில் விற்ற கொரியா சீரம் வரைக்கும் வந்துவிட்டோம். ஈரத்தாள் முகமூடியைப் பஸ்ஸிலேயே ஒட்டிக்கொண்டு நீ தூங்கிப்போன காலையில், டிரைவர் பாக்சிக், நம் மலாய் மாமா, கண்ணாடியில் உன்னைப் பார்த்துவிட்டு பிரேக் போட்டார். டப்பியில் எழுதியிருப்பதைப் படிப்பது என் வேலை. கொரிய எழுத்தையும் படித்தேன். அதாவது, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தலையாட்டினேன்.

சட்டம் நீ போட்டது. புதிதாக எது வாங்கினாலும் ஒருத்தி காதுக்குப் பின்னால் மூன்று நாள் தடவ வேண்டும். நாலாம் நாள் காலை பஸ்ஸில் முடிவு. ஒரு முறை நீ, ஒரு முறை நான். உன் முறை வந்தால் முடியை ஒதுக்கிக் காதை மடக்கிக் காட்டுவாய்.

"நல்லா பாரு டி. செவப்பு கிவப்பு இருக்கா?"

"இல்ல லா."

"மூடிய பாக்கற மாதிரி பாரு டி. ஒன் கண்ண நம்பித்தான் மூஞ்சில போடப் போறேன்."

என் முறை வந்தால், தேறிய மூடிக்குச் சொல்கிற மாதிரியே நான் "ஒன்னும் ஆவல, பாஸ்" என்பேன். நீ அன்றைக்கே முகத்தில் போட்டுக்கொள்வாய். ஒருநாளும் என் முடியை ஒதுக்கிப் பார்த்ததில்லை.

பூங்கொடி, நான் முதல் தடவை மட்டும்தான் உண்மையாகத் தடவினேன். அதற்குப் பிறகு எந்த முறையும் தடவவில்லை.

மாத்திரை அட்டையோடு வரும் தாளில் பக்கவிளைவுகளைப் படித்துவிட்டு, அவற்றை எழுதியிருக்கும் வரிசையிலேயே அனுபவிக்கிறவள் நான். அந்த முதல் மூன்று நாளும் காது வீங்கி விழுந்துவிடும் என்று நடுங்கினேன். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த முறை, நடுக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு கிரீமை விட்டுவிட்டேன். உனக்கு ஏதாவது ஆகட்டும் என்று நினைக்கவில்லை. உனக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இப்போது யாராவது கேட்டால் என்னால் சரியாகச் சொல்ல முடியாது.

பிறகு அந்த மஞ்சள் கிரீம் வந்தது. உன் தம்பி கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தது. மாப்பிள்ளைக்கு அக்கா நீ, எல்லாப் படத்திலும் முன்னால் நிற்க வேண்டியவள். அது என் முறை. நாலாம் நாள் பஸ்ஸில் ஏறியதும் "பாஸ்" என்றேன். இரண்டு நாளில் உன் கன்னம் இரண்டும் சிவந்து, பிறகு உரிந்தது. கல்யாண ஆல்பத்தில் நீ கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டு நிற்கிறாய். ஒரு படத்தில் வாழைமரத்துக்குப் பின்னால் பாதி தெரிகிறாய்.

நீ என்னைத் திட்டவில்லை. யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாய்.

"ஒனக்கு எரும தோலு டி. அதான் ஒன்னும் ஏற மாட்டேங்குது. இனிமே நீ படி போதும், நானே போட்டுப் பாக்கறேன்."

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். பொய் சொன்னதற்கு எனக்குக் கிடைத்த தண்டனை, இனிமேல் நான் பயப்பட வேண்டியதில்லை என்பது. அதற்குப் பிறகு எல்லா முறையும் உன் முறையே. எங்கள் தொழிற்சாலையில் என் "பாஸ்" கேட்டு முகத்தில் எதையாவது பூசிய பெண்கள் இன்னும் நாலைந்து பேர் இருப்பார்கள். இந்தக் கடிதத்தை ஊரறிய எழுதுவது அவர்களுக்காகவும்தான்.

பதினோரு மாதத்துக்கு முன் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய், அப்புறம் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்த டாக்டரிடம், முகத்தில் போடும் கிரீமால் இப்படி ஆகுமா என்று கேட்டேன். ரத்த அழுத்தம், சர்க்கரை என்றார். வேறொரு கிளினிக்கில் இன்னொரு டாக்டரிடமும் கேட்டேன். அவரும் அதையே சொல்லிவிட்டு, நான் சரியாகத் தூங்குகிறேனா என்று விசாரித்தார். மூன்றாவது டாக்டரிடம் போகாமல் எங்கள் வீட்டுக்காரர் தடுத்துவிட்டார்.

போன வாரம் உன் மகள் தர்ஷினி வந்தாள். அவளுக்குக் கல்யாணம், பூங்கொடி. அடுத்த மாதம் கோல சிலாங்கூரில், மண்டபம் எடுத்தாகிவிட்டது. பையன் நல்ல பையன். முகம் கழுவ சோப்பு மட்டும்தான் போடுகிறான். அவள் கைப்பையிலிருந்து வெள்ளை டப்பி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். யார் செய்தது, எங்கே செய்தது, உள்ளே என்ன, ஒன்றும் இல்லை. பதிவு எண் இல்லை. ஏழு நாளில் கண்ணாடி முகம் என்று மட்டும் போட்டிருந்தது.

"இது வேணாம் மா. யாரு செஞ்சதுன்னே இல்ல."

"ஆபீஸ்ல எல்லாரும் யூஸ் பண்றாங்க ஆன்ட்டி. ஷாமினி மொகத்த பாக்கணுமே, கிளாஸ் மாதிரி!"

"அந்தக் கண்ணாடி எப்ப ஒடையும்னு யாருக்குத் தெரியும்?"

"சரி, நீங்க காதுல போட்டுப் பாருங்க. அம்மா இருந்தா அம்மா போடுவாங்க. ஒங்களுக்கு எரும தோலுன்னு அம்மா சொல்லுவாங்க. ஒங்களுக்கே அரிச்சிச்சின்னா தூக்கிப் போட்டுருவேன். இல்லன்னா மொகத்துல போடுவேன். டீலா?"

நான் வேண்டாம் என்றால் அவள் நேராகக் கன்னத்தில் போடுவாள். உன் பிடிவாதத்தையும் சேர்த்துத்தான் பெற்றிருக்கிறாய். மூன்று நாளாவது அந்த டப்பி என்னிடம் இருக்கட்டும் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். பல வருடத்துக்குப் பிறகு, காலையும் மாலையும், கடுகளவு எடுத்துத் தடவினேன். உண்மையாகவே தடவினேன். எருமைத் தோல் என்ற என் பட்டத்தை இதுவரை யாரும் சோதித்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

நாளை மதியம் வருகிறாள். அரிக்கிறது. இது கிரீமா, நானா?

*

மேலே உள்ளதை எழுதி நிறுத்திப் பத்து நாளுக்கு மேல் ஆகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே.

நாலாம் நாள் காலை இரண்டு கண்ணாடி வைத்துப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்காரரைக் கூப்பிட்டும் பார்க்கச் சொன்னேன். ஒன்றுமே இல்லை. சிவப்பு இல்லை, தடிப்பு இல்லை. ஒன்னும் ஆவல. இவ்வளவு வருடம் பொய்யாகச் சொன்ன வார்த்தை முதல் முறையாக உண்மையாக வந்து நிற்கிறது, அதை வாயைத் திறந்து சொல்ல முடியவில்லை. சொன்னால் அவள் வீட்டுக்குப் போய்ப் பூசிக்கொள்வாள். அரிக்கிறது என்று இன்னும் ஒரே ஒரு பொய் சொன்னால் டப்பி குப்பைக்குப் போய்விடும். எனக்கு அதில் பழக்கமும் உண்டு. இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன், அவள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

"என்ன ஆன்ட்டி, பாஸா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் வந்து, முடியை ஒதுக்கி, காதை மடக்கி, கைப்பேசி விளக்கை அடித்தாள். உன் மகள் உன்னை மாதிரி இல்லை, பூங்கொடி. பார்க்கிறாள்.

"ஒன்னுமே இல்லையே! கிளீன் லா ஆன்ட்டி!"

அவள் டப்பியை எடுக்கக் கையை நீட்டியபோது சொல்லிவிட்டேன். உன் முறை, என் முறை, மஞ்சள் கிரீம், எருமைத் தோல், எல்லாவற்றையும். ரிஜெக்ட் ஆன மூடிகளுக்கு அறிக்கை எழுதுகிற மாதிரி, வரிசையாக. எனக்கு வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை.

"அப்ப அம்மா மொகம்?"

"நான் போட்டுப் பாக்கல மா. போட்டேன்னு சொன்னேன்."

அவள் டப்பியைத் தொடாமல் கையை இழுத்துக்கொண்டாள். "மாமா கல்யாண ஆல்பத்துல கைக்குட்டைய புடிச்சிக்கிட்டு நிப்பாங்களே. சளின்னு சொன்னாங்க எங்கிட்ட."

பெற்ற மகளிடமே சளி என்று ஏன் சொன்னாய்? வெட்கத்தாலா? இல்லை, என்னைக் காப்பாற்றவா? என் முடியை ஒருநாளும் ஒதுக்கிப் பார்க்காதது, என்னை நம்பியதாலா, பார்த்தால் தெரிந்துவிடும் என்று தெரிந்ததாலா?

நான் அவளிடம் சொன்னேன்: "மூனு நாளு காதுல ஒன்னும் ஆவலன்னா, காதுல மூனு நாளு ஒன்னும் ஆவல, அவ்ளோதான். மொகத்துக்கு அது சர்ட்டிபிகேட் இல்ல. இத போடாத."

"நீங்க சொல்றத நான் எப்படி ஆன்ட்டி நம்பறது?"

நியாயமான கேள்வி. அவள் டப்பியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனாள். ஊற்றி வைத்த தேநீரைத் தொடவில்லை.

அதற்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. நான் தினமும் காலையில் கைப்பேசியில் அவள் படத்தைப் பெரிதாக்கிக் கன்னங்களைச் சோதித்தேன். படத்தில் எல்லார் முகமும் இப்போது கண்ணாடிதான். அதிலிருந்து பில்டரைக் கழித்துப் பார்க்க எந்தத் தொழிற்சாலையிலும் சொல்லித்தரவில்லை. ஒருநாள் முகத்தை எடுத்துவிட்டு ஒரு செம்பருத்திப் பூவைப் போட்டிருந்தாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. முகத்தை மறைக்கிற அளவுக்கு என்ன ஆயிற்று? பாத்தீங்களா, போட்டுட்டா, என்று எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "பூவு நல்லாத்தான இருக்கு" என்றார்.

நேற்றுக் காலை வந்தாள். முகக்கவசம் போட்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை.

"கழட்டு மா. என்ன ஆச்சி மொகத்துக்கு?"

"ஜெரெபு லா ஆன்ட்டி! வெளியில பாக்கலயா?"

பார்க்கவில்லை. தெருவே புகைமூட்டத்தில் மங்கிக் கிடந்ததை அப்போதுதான் பார்த்தேன். அவள் முகக்கவசத்தைக் கழற்றினாள். உன் கன்னம், பழைய நிறம், பழைய மாதிரி. தாடையில் ஒரே ஒரு பரு. அந்தப் பருவைப் பார்த்து நான் அழுதுவிட்டேன். பருவுக்கு இதுவரை அப்படி ஒரு மரியாதை கிடைத்திருக்காது.

"கிரீம் போடல. தூக்கிப் போட்டுட்டேன்" என்றாள். "கோவம் போவல."

"ஷாமினி எப்படி இருக்கா?"

"இன்னும் கிளாஸ் மாதிரித்தான் இருக்கா."

நான் பார்த்தே இராத அந்தப் பெண்ணுக்காகவும் இப்போது கவலைப்படுகிறேன். டாக்டரிடம் காட்டச் சொல் என்றேன். சொல்கிறேன் என்றாள், சொல்லமாட்டாள் என்ற குரலில்.

அப்புறம் மேசையின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள். "நலங்குக்கு மொத மஞ்சள் யாரு வைக்கறதுன்னு அத்தைங்க கேக்கறாங்க. அம்மா எடத்துல நீங்க வைங்க."

"நானா மா?"

"கோவமாத்தான் கேக்கறேன். அத ஞாபகம் வச்சிக்கோங்க." வாசல் வரைக்கும் போய்த் திரும்பினாள். "மஞ்சள் நல்லதா பாத்து வாங்குங்க. கலப்படம் பண்றாங்களாம். மூனு நாளு கழிச்சி வந்து பாப்பேன்."

எதைப் பார்ப்பாள் என்று அவள் சொல்லவில்லை.

நேற்று மதியமே சுங்கை பெசார் போய், வீட்டிலேயே அரைப்பதற்காக, தெரிந்த கடையில் காய்ந்த முழுக் கிழங்காக வாங்கி வந்தேன். அதில் ஒரு கிழங்கை இழைத்து இன்று காலை தடவிக்கொண்டேன். இரண்டு காதிலும். எங்கள் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, மஞ்சளுக்குமா என்றார். மஞ்சளுக்கும்தான்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், பூங்கொடி. உன் மகள் கன்னத்தில் என் கையால் வைக்கப்போகிற எதுவும், அதற்கு முன் மூன்று நாள் என் தோலில் இருந்திருக்கும். என் வார்த்தையை நம்பாதே, அதை நீ போதுமான அளவு நம்பிவிட்டாய். ஞாயிற்றுக்கிழமை அவள் வந்து முடியை ஒதுக்கிப் பார்ப்பாள்.

இப்போது எரிகிற மாதிரி இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது. துடைக்கவில்லை.

மஞ்சள் காதோடு,
தர்ஷினிக்கு உன் இடத்தில் நிற்கப்போகிற,
எருமைத் தோல் இல்லாத உன் கூட்டாளி
விமலா