மஞ்சள் வண்டி, ஒரு விரல்கடை

நவம்பர் 14, வெள்ளி. விசாகப்பட்டினம்

காலை நல்ல வெயில். காற்றில் உப்பு. வண்டி கைக்கு வந்துவிட்டது.

மஞ்சள் நிறம். இரண்டே இருக்கை. பதினொரு வருஷம் ஓடிய ஸ்போர்ட்ஸ் கார். விற்றவர் ஒரு பல் டாக்டர். முதுகு வலியாம், ஏறி இறங்க முடியவில்லையாம். எனக்கு அறுபத்தொன்பது. நான் ஏறிவிட்டேன். முதலில் உட்கார வேண்டும், பிறகு கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைக்க வேண்டும். மகள் சுமதி மூன்று தரம் செய்து காட்டினாள். (இனி சு. என்று எழுதுவேன். தமிழ் எழுதப் படிக்கப் பழகி ஒரு வருஷம்தான் ஆகிறது, விரல் நோகிறது.)

சு.வுக்கு இந்த வண்டி பத்து வருஷ ஆசை. ஆபீஸ் சிநேகிதிகள் இரண்டு பேர் நான் வருகிறேன் நான் வருகிறேன் என்றார்களாம். என்னைக் கூட்டி வந்திருக்கிறாள். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் மனசை மாற்றிக்கொள்வாளோ என்று பயம்.

கொல்கத்தாவில் வீட்டுக்கு எண்ணூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.

வண்டியில் உள்ளவை: பெட்டி 1. தண்ணீர் 5 லிட்டர். மனைவி கோமதி கொடுத்த முறுக்கு. என் மாத்திரை. இந்த நோட்டு. பேனா 2. பச்சைத் துணி 1, சிவப்புத் துணி 1.

துணிகள் எதற்கு என்றால்: வண்டியின் வயிறு தரையோடு கிடக்கிறது. ஸ்பீடு பிரேக்கரில் அடி தட்டும். அடியில்தான் என்ஜின் ஆயில் நிற்கும் தொட்டி. அது உடைந்து ஆயில் போனால் என்ஜினும் போய்விடும் என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். சு. முகம் சுருங்கிவிட்டது. சாந்த்ராகாச்சி ரயில் யார்டில் முப்பத்து மூன்று வருஷம் ஷண்டிங் வேலை, பெட்டிகளைக் கோத்துப் பிரிக்கும் வேலை, பார்த்தவன் நான். அங்கே என் கொடியைப் பார்த்துத்தான் என்ஜினே நகரும். ஒவ்வொரு பிரேக்கரிலும் இறங்கி நின்று காட்டுகிறேன், நீ என் கையை மட்டும் பார் என்றேன்.

முதல் பிரேக்கர், ஊர் எல்லையில். இறங்கினேன். தரையில் கன்னம் படக் குனிந்தேன். சு. அங்குலம் அங்குலமாக நகர்த்தினாள். வயிற்றுக்கும் மேட்டுக்கும் நடுவே ஒரு விரல்கடை இடம். பச்சை காட்டினேன். போயிற்று. டீக்கடையில் நின்றவர்கள் கை தட்டினார்கள்.

இன்று மொத்தம் ஏழு. ஏழும் பச்சை. மாலை பிரம்மபூரில் லாட்ஜ். முழங்கால் வீங்கியிருக்கிறது. சொல்லவில்லை.

நவம்பர் 15, சனி. பாலேஸ்வருக்கு வெளியே

காலை மேகம். இட்லி போல ஒன்று கிடைத்தது.

வழியெல்லாம் போர்டு. நேற்று தெலுங்கு, இன்று ஒடியா. கூடவே இந்தி, இங்கிலீஷ். படிக்கத் தெரிந்தும் என்ன, ஒன்றுகூட எனக்கானது இல்லை. சு.விடம் சொன்னேன். சிரித்தாள். மேல்கூரையைத் திறந்துவிட்டு எண்பதில் போனோம். தலையில் மயிர் இல்லாததால் எனக்குச் சங்கடம் இல்லை. அவளுக்குத்தான் வாயெல்லாம் முடி. இந்த மாதிரி அவள் சிரித்துப் பார்த்து நாளாகிறது.

காலையில் பிரேக்கர் நான்கு. நான்கும் பச்சை.

இனி எழுத வேண்டியது கஷ்டம். எழுதிவிடுகிறேன்.

பத்ரக் தாண்டி, மூன்று மணி. மழை. பால வேலை நடக்கிறதென்று சர்வீஸ் ரோட்டில் திருப்பிவிட்டார்கள். அங்கே ஒரு பிரேக்கர். நான் கதவைத் திறந்தேன். சு., “நனையாதீங்கப்பா, ஒரு நிமிஷம் நிப்போம்” என்றாள். பின்னால் ஹாரன். நான் கண்ணாலேயே மேட்டை அளந்தேன். காலையில் பார்த்த அதே உயரம். பதினொன்று தாண்டியாயிற்று, எல்லாவற்றிலும் ஒரு விரல்கடை மிச்சம். “இதுவும் அதேதான். போ” என்றேன்.

போனாள். மெதுவாகத்தான் போனாள்.

அடியில் ஒரு சத்தம். யார்டில் இரண்டு பெட்டியைக் கோக்கும் கப்ளிங் முறியும்போது கேட்கும் சத்தம். சு. அந்த நொடியே என்ஜினை நிறுத்திவிட்டாள். கெட்டிக்காரி. இறங்கிப் பார்த்தால் மழைத்தண்ணீரில் கறுப்பாக ஆயில் ஓடுகிறது. அவள் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

யாரும் நிற்கவில்லை. லாரி லாரியாகப் போகிறது. மழைக்குள் ஒரு லாரியின் நெற்றியில் எழுத்து. நா-ம-க்-க-ல். ஓடிப்போய் நடு ரோட்டில் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி நின்றேன். ரயிலில் அதற்கு ‘நில்’ என்று அர்த்தம். லாரிக்கும் அர்த்தமாயிற்று.

டிரைவர் பெயர் தங்கராசு. தலையை வெளியே நீட்டி, “ஏனுங்க பெரியவரே, சாவுறதுக்கு என்ற லாரிதான் கெடச்சுதுங்களா?” என்றார். தமிழில் திட்டு வாங்கியதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் பயந்துபோய் உடனே இறங்கி வந்துவிட்டார்.

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். தொட்டியில் விரல் நீள விரிசல். என்ஜினை ஸ்டார்ட் செய்யவே கூடாது என்றார். கயிறு கட்டி, மாட்டை ஓட்டிப்போவது போல, பாலேஸ்வர் பக்கம் ஒரு வெல்டிங் கடை வாசல் வரை இழுத்து வந்தார். டீசல் காசு வாங்க மாட்டேன் என்றார். முறுக்கு வாங்கிக்கொண்டார், டப்பாவோடு.

கயிறு கட்டும்போதுதான் பார்த்தேன். வண்டி இழுபட ஸ்டியரிங்கில் சு. உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்து இருக்கையில் நான் ஏறினேன். வண்டி இறங்கியது. சரியாக ஒரு விரல்கடை.

பதினொரு பிரேக்கரிலும் நான் கீழே இருந்தேன். என் எடை இல்லாத வண்டியை அளந்தேன். பன்னிரண்டாவதில் நான் உள்ளே. காலி வேகனும் சரக்கு ஏற்றிய வேகனும் ஒரே உயரத்தில் நிற்காது. இது யார்டில் நேற்று வேலைக்கு வந்தவனுக்கும் தெரியும்.

வெல்டிங் கடை மூடியிருக்கிறது. பக்கத்திலேயே லாட்ஜ். சு. அம்மாவுக்குப் போன் செய்தாள். “நான்தாம்மா வேகமா ஏத்திட்டேன்” என்கிறாள். நான் பக்கத்தில் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு. அதே இடம்

மழை விட்டது. வெல்டிங் கடைக்காரர் பத்து மணிக்கு வந்தார். வண்டியைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். தொட்டியைக் கழற்றினால்தான் தெரியும், உள்ளே என்ஜினில் அடி பட்டிருந்தால் அவர் கையில் இல்லை என்று இந்தியில் சொன்னார். சு. தலையை ஆட்டினாள். சாயங்காலம் வரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வயிற்றுவலி என்றேன்.

யார்டில் தப்புக் கொடி காட்டினால் அந்த இடத்திலேயே போய்ச் சொல்ல வேண்டும். அடுத்த வண்டி வருவதற்குள். நான் ஒரே ஒரு தரம் தப்புச் செய்திருக்கிறேன், ஓடிப்போய்ச் சொன்னேன். இங்கே ஒரு நாள் ஆகிவிட்டது. இத்தனைக்கும் வழக்கு இல்லை, விசாரணை இல்லை. பக்கத்து நாற்காலியில் மகள். அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

சொன்னால் என்ன ஆகும்? இனி அப்பா வேண்டாம், சிநேகிதியோடு போகிறேன் என்பாள். நியாயம்தான்.

நாலரை மணி. தொட்டியை ஒட்டவைத்துவிட்டார். தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறார். காலை வரை ஒழுகக் கூடாது.

நவம்பர் 17, திங்கள். கொல்கத்தா, டாக்குரியா, வீடு

வீடு. வீடு. வீடு. எழுதவே நன்றாக இருக்கிறது.

காலை பனி. தொட்டி ஒரு சொட்டு ஒழுகவில்லை. மாட்டி, புது ஆயில் ஊற்றி, சு. சாவியைத் திருப்பினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். என்ஜின் பிடித்தது. கடைக்காரர் காதை வைத்துக் கேட்டு, ஒரு தட்டல் இல்லை, அடி உள்ளே போகவில்லை என்றார். சு. அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பாவம், அந்த மனிதர் கூச்சப்பட்டுவிட்டார்.

இன்று பிரேக்கர் ஒன்பது. நான் வெளியே, முன்பு போலத்தான். ஆனால் இப்போது என் எடையை வண்டியிலிருந்து எடுக்கவும்தான் இறங்கினேன், அவள் தாண்டியபின் நடந்துபோய் அந்தப் பக்கம் ஏறினேன். அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

கோலாகாட் பாலத்தில் சொல்லிவிட்டேன். ரூப்நாராயண் நதி கீழே, எதிரே லாரிகள், அவள் ரோட்டைத்தான் பார்க்க வேண்டும், என்னைப் பார்க்க முடியாது. அதனால் அந்த இடம். எல்லாம் சொன்னேன். விரல்கடை, வேகன், போன். தப்பு என்னுடையது, உன்னுடையது அல்ல.

பாலம் முடிந்தது. இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டினாள்.

“ரெண்டு நாளா சாப்பிடாம இருந்தது இதுக்கா?”

ஆமாம் என்றேன்.

“நான் என்னமோ உங்களுக்குப் பெரிய வியாதின்னு நெனச்சு, எந்த டாக்டர்கிட்ட போறதுன்னு கணக்குப் போட்டுட்டு வரேன்பா.”

அப்புறம்தான் அழுதாள். ஓட்டிக்கொண்டே. நான் நிறுத்தச் சொன்னேன், நிறுத்தினாள். ஓரமாக ஒரு கடையில் மீன் சோறு. நான் இரண்டு தட்டு. அவள் கடைசியாகச் சொன்னது: “இனிமே ஆள உள்ள ஒக்கார வெச்சு அளங்க.”

சாந்த்ராகாச்சி வழியாக வந்தோம். யார்டைப் பார்க்கவில்லை, பேசிக்கொண்டே வந்ததில் தாண்டிவிட்டது.

தெருவில் கூட்டம். மாடி வீட்டு பௌதி (அண்ணி என்று அர்த்தம்), நம் ஊர் டாக்ஸி மாதிரி மஞ்சளாக இருக்கிறதே, டாக்ஸியா என்று வங்காளியில் கேட்டாள். சு.வுக்குக் கோபம். எனக்குச் சிரிப்பு.

நவம்பர் 18, செவ்வாய்

லேசான குளிர். சு. ஆபீஸுக்கு வண்டியில்தான் போவாளாம். நம் தெரு முனையில், தெருப் பையன்கள் கூடும் கிளப்புக்கு முன்னால், பெரிய பிரேக்கர். எட்டரைக்குப் போய்ப் பார்த்தோம். வெறும் வண்டியாக என்றால் ஒரு விரல்கடைக்கு மேல் இடம். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கோமதியைக் கூப்பிட்டு என் இருக்கையில் உட்கார வைத்தேன். மடியில் அரிசிப் பை ஒன்று, என் எடைக்குச் சரியாக வரட்டும் என்று. “கல்யாணம் பண்ணி நாப்பத்தஞ்சு வருஷம், இன்னிக்குத்தான் நான் மூட்டையா?” என்றாள். இறங்கவில்லை.

கிளப்காரர்கள் டீ கிளாஸோடு வரிசையாக நின்றார்கள். நான் கன்னத்தைத் தரையில் வைத்தேன். சு. நகர்த்தினாள்.

விரல் போகவில்லை. சிவப்பு காட்டினேன். நின்றாள். குறுக்காக வரச் சொன்னேன். வந்தாள். இடது சக்கரம் முதலில், பிறகு வலது. வயிறு தட்டவில்லை.

பச்சை.