பாறை விரியும் நேரம்

ஏப்ரல் 7, திங்கள்

வேலைக்குப் போனேன். "இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டு வந்திருக்கலாமே" என்றார் மேற்பார்வையாளர். வீட்டில் இருந்து என்ன செய்ய? கயிறுகளைச் சுருட்டி அடுக்கினேன். ஒன்று குறைந்தது. மறுபடியும் எண்ணினேன், அப்போதும் குறைந்தது. ஏன் குறைகிறது என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

சாப்பிட்டேன். ஐந்தரைக்கு வீடு.

ஏப்ரல் 8

மார்ச் 25-இலிருந்து பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன. ஒரு தடவையாவது எழுதி வைக்க வேண்டும்.

சாலைக்கு மேலே நிற்கிற அந்த மொட்டைப் பாறைக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் வெங்காயம். உருண்டையாக, நானூறு அடி உயரம். வெங்காயம் மாதிரியே தோல் தோலாக உரியும். உரிந்த பலகைகள் சாலையில் விழுவதற்கு முன் கயிற்றில் தொங்கிக்கொண்டு, கடப்பாரையால் நெம்பி நாங்களே தள்ளிவிட வேண்டும். அதுதான் வேலை. வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு பலகையையும் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை. 'ணங்' என்றால் கெட்டி. 'டொப்' என்றால் உள்ளே இடைவெளி, அடியிலோ பக்கத்திலோ போகாமல் மேலிருந்துதான் நெம்ப வேண்டும். பதிவேட்டில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் உண்டு.

மார்ச் 25, மதியம் மணி மூன்று பத்து. மழை இல்லை, காற்று இல்லை. என் மச்சினன் — மனைவியின் தம்பி, ஒன்பது வருடமாக எனக்குப் பக்கத்துக் கயிறு — புது பூட்ஸ் கடிக்கிறது என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். பாதி வாக்கியம். நாலு கதவு அகலத்துக்குப் பலகை வெளியே சாய்ந்தது. சத்தம் அப்புறம்தான் வந்தது.

நான் இருபது அடி தள்ளித் தொங்கினேன். என் மேல் தூசி மட்டும்.

ஏப்ரல் 10

மாடி அறையில் இருந்த அவன் சட்டைகளை என் மனைவி கீழே கொண்டுவந்து மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"நீங்க ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையே" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அம்மாவிடம், "இவர் இப்படி நிக்கிறதாலதான் நானும் நிக்கிறேன்" என்று சொல்வதும் காதில் விழுந்தது.

பல் பிடுங்கிய பிறகு கன்னம் இருக்குமே, அப்படி இருக்கிறது. தொட்டால் யாருடைய கன்னமோ போல.

ஏப்ரல் 12

சமையலறைக் குழாயில் வாஷர் மாற்றினேன். ஒழுகல் நின்றது.

ஏப்ரல் 15

நிலவியல் துறையிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறார். ஆட்கள் அதற்குள் 'கல் டாக்டர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெரிய தொப்பி, நழுவிக்கொண்டே இருக்கும் கண்ணாடி. அவரைப் பாறையைச் சுற்றிக் காட்டும் வேலை எனக்கு.

பதினேழு வருடம் தொங்கிய பாறையைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை.

"இது பூமிக்கு அடியில பல கிலோமீட்டர் ஆழத்துல உருகிக் கிடந்து இறுகினது, அண்ணே. மேல மலை மலையா பாரம். மழையும் ஆறும் கோடிக்கணக்கான வருஷமா அந்தப் பாரத்தை அரிச்சு எடுத்துட்டுப் போயிடுச்சு. அழுத்தம் குறைஞ்சதும் கல்லு மெதுவா உப்புது. உப்பினா தோல் விடாம என்ன செய்யும்?"

"பாரம் இருந்த வரைக்கும் நல்லா இருந்துச்சா?"

"ஒரு விரிசல் இருந்திருக்காது."

வடக்கு முகத்தில் புருவம் மாதிரி ஒரு வளைவு இருக்கிறது. யாரோ உளி வைத்துச் செதுக்கியதென்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். இல்லையாம். கீழ்த் தோல்கள் விழுந்துவிட்டன, மேலே மிச்சமிருப்பவை ஒன்றையொன்று முட்டுக்கொடுத்து நிற்கின்றன. உச்சியில் இருக்கிற குழிகளைத் தேங்கிய மழைநீர் கரைத்துக் கரைத்துக் கிண்ணமாக்கியிருக்கிறது.

பிறகு அந்த இடம். பாறை முழுக்க மழை ஒழுகிக் கறுத்திருக்க, அங்கே மட்டும் பொருக்கு பெயர்ந்த தோல் மாதிரி வெளிர் சிவப்பு. டாக்டர் படம் எடுத்தார். நான் அவருடைய கண்ணாடி நழுவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 16

விழுந்ததற்குப் பக்கத்துப் பலகையின் இடுக்கில் போன வருடமே டாக்டர் ஒரு அளவுமானி வைத்திருந்தாராம். அது எழுதிவைத்த கோடுகளைக் காட்டினார். தினமும் ஒரே மாதிரி அலை. விடியற்காலைக் குளிரில் பலகை பாறையோடு ஒட்டிக்கொள்கிறது. வெயில் ஏற ஏற விரிகிறது. மேலும் கீழும் பிடிப்பு இருப்பதால் நடுவில் வில் மாதிரி வெளியே வளைகிறது. மூன்று மணிக்கு இடுக்கு விரல் நுழையும் அளவு திறந்திருக்கும். ராத்திரி மூடும். ஆனால் முழுசாக மூடாது, தினம் ஒரு மயிரிழை மிச்சம் வைக்கும்.

"வெயில்தான், அண்ணே. வேற எதுவுமில்ல."

அப்புறம் கேட்டார். "ஒண்ணு மட்டும்தான் எனக்குப் புரியல. காலையில கெட்டியா கேட்டது சரி. மதியம் தட்டினப்போ காலிப் பானை மாதிரி கேட்டிருக்கணுமே? பதிவேட்டுல 'கெட்டி'ன்னு எழுதியிருக்கீங்க. நல்லா நினைச்சுப் பாத்துச் சொல்லுங்க."

மேற்பார்வையாளர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"கெட்டியாத்தான் கேட்டுச்சு, மேடம்."

எழுதிக்கொண்டார்.

ஏப்ரல் 17

மதியம் தட்டவில்லை.

சாப்பிட்டுவிட்டு நிழலில் உட்கார்ந்து கட்டத்தை நிரப்பினேன். பல நாள் அப்படித்தான் செய்திருக்கிறேன். அவன் பார்த்தான்.

"மாமா, மதியம் தட்டலையே?"

"காலையில மணி மாதிரி கேட்டுச்சேடா. சீக்கிரம் முடிச்சிட்டு இறங்கலாம், போ."

"சரி மாமா."

இவ்வளவுதான். இதை எழுத இருபத்து மூன்று நாள் ஆகியிருக்கிறது. எழுதிய பிறகும் கை ஆடவில்லை. நான் என்ன கல்லா?

ஏப்ரல் 22

அறிக்கையின் வரைவு வந்துவிட்டது. "யார் மேலயும் தப்பில்லைய்யா. இயற்கை. நிம்மதியா இரு" என்று மேற்பார்வையாளர் என் தோளைத் தட்டினார். கூடவே இன்னொன்றும் சொன்னார். விரிந்த பலகையே கெட்டியாகச் சத்தம் தருமென்றால் மதியம் தட்டுவது தண்டம், நாளை முதல் காலையில் மட்டும் போதும். "ஒரே ஒரு பதிவை வச்சு முடிவு பண்ணாதீங்க" என்று டாக்டர் சொல்லிப் பார்த்தார். மேற்பார்வையாளர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மேற்கு முகத்தை முடிக்க வேண்டிய அவசரம்.

யார் மேலும் தப்பில்லை என்பதை வீட்டில் சொன்னேன். இவள் தட்டை எடுத்து வைத்துச் சாப்பிட்டாள். அவன் போன பிறகு தட்டு காலியானது இன்றுதான்.

ஏப்ரல் 24

மேற்கு முகத்தில் இரண்டு பேர் இறங்கினார்கள். புது ஆட்கள் இல்லை, வேறு முகத்தில் பத்து வருடம் வேலை பார்த்தவர்கள். நான் கீழே, வாக்கி டாக்கியோடு. இரண்டே முக்கால். அவர்களில் ஒருவர் வெயிலுக்கு ஒரு பலகையின் நிழலில் ஒதுங்கி, அதன் மேலேயே முதுகைச் சாய்த்துக்கொண்டார்.

யோசித்துச் செய்யவில்லை. பொத்தானை அமுக்கியிருக்கிறேன்.

"முதுகை எடுங்க. தள்ளி வந்து தட்டிப் பாருங்க."

"காலையில பாத்தாச்சேண்ணே."

"இப்பத் தட்டுங்க!"

தட்டினார். வாக்கி டாக்கி வழியாகவே கேட்டது. டொப். இன்னொரு தடவை, டொப். இரண்டு பேரும் மேலே ஏறிவிட்டார்கள்.

நேரே டாக்டரின் மேஜைக்குப் போனேன். "மேடம், அன்னைக்கு மதியம் நான் தட்டவே இல்ல. பொய்யா எழுதினேன். அவன் கேட்டான், நான்தான் போகச் சொன்னேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இதை எழுதட்டுமா?"

"எழுதுங்க."

"எல்லாம் முடிஞ்ச நேரத்துல உனக்கு என்னய்யா வந்துச்சு?" என்று மேற்பார்வையாளர் கத்தினார். என்ன வந்தது என்று எனக்கும் தெரியவில்லை.

வேறு யார் வாயிலாகவும் இவள் கேட்கக் கூடாது என்று வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தேன். கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். எல்லாவற்றையும்.

"தட்டலையான்னு அவன் கேட்டானா?"

"கேட்டான்."

"நீங்க போன்னு சொன்னீங்களா?"

"ஆமா."

மிச்சத் துணியையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கிளிப்புகளைக்கூட ஒவ்வொன்றாகக் கழற்றி டப்பாவில் போட்டாள்.

ஏப்ரல் 25

இவள் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். எவ்வளவு நாளைக்கு என்று சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்கிற வாய் எனக்கு ஏது?

ஏப்ரல் 30

உத்தரவு வந்தது. இனிமேல் எனக்குக் கயிறு கிடையாது. விசாரணை முடியும்வரை கீழே சாலையில், தடுப்புக்குப் பக்கத்தில். மேலே கல் தள்ளும்போது வண்டிகளை நிறுத்த வேண்டும், முடிந்ததும் விட வேண்டும். கையில் ஒரு தகர அட்டை, ஒரு பக்கம் 'நில்', மறுபக்கம் 'செல்'. மதியம் தட்டுவதைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். தட்டும்போது பக்கத்தில் இன்னொருவர் நின்று கையெழுத்துப் போட வேண்டும். பன்னிரண்டிலிருந்து நாலு வரை யாரும் இறங்கக் கூடாதென்று டாக்டர் எழுதியிருக்கிறார். அதற்கு இன்னும் பதில் இல்லை.

மே 3

சோறு குழைந்துவிட்டது. தின்றேன்.

மே 6

காலையில் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறக்க முடியவில்லை. கை அப்படி நடுங்கியது. தடுப்புக் கல்லில் உட்கார்ந்தேன். டேய் மச்சான், நான் தட்டியிருக்கணும்டா. ரெண்டு நிமிஷம் ஆகுமா? ரெண்டு நிமிஷம்டா.

லாரிக்காரர் ஹார்ன் அடித்த பிறகுதான் எழுந்தேன்.

மே 9

அக்கா வீட்டுக்குப் போன் போட்டேன். அக்காதான் எடுத்தார். "நல்லா இருக்கா. பேசணும்னு தோணினா அவளே பேசுவா" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. வேறு எதுவும் இல்லை.

மே 14

பதினொன்றே காலுக்கு மேலே விசில் ஊதினார்கள். 'நில்' பக்கத்தைத் திருப்பினேன். முதலில் வந்து நின்றது பஸ். மூன்றாவது ஜன்னலில் இவள்.

இங்கே நான் நிற்பது தெரிந்து வந்தாளா, ஊருக்குத் திரும்ப வேறு வழி இல்லாததால் வந்தாளா, தெரியாது. இருபது நிமிடம் ஆகுமென்று நடத்துனரிடம் சொன்னேன். ஆட்கள் கால் நீட்ட இறங்கினார்கள். கடைசியாக இவளும் இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றாள். இளைத்திருந்தாள்.

"எந்த இடம்?"

கையைக் காட்டினேன். அந்த வெளிர் சிவப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மேலிருந்து இரண்டு பலகைகள் உருண்டு பள்ளத்தில் விழுந்து நொறுங்கின. சத்தத்துக்கு என் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. ஆனால் விலகியும் நிற்கவில்லை.

"எனக்கு உங்க மேல கோவம் போகல."

"தெரியும்."

"போகுமான்னும் தெரியல."

"ம்."

விசில் வந்தது. 'செல்' பக்கத்தைத் திருப்பினேன். பஸ் உறுமியது. எல்லோரும் ஏறிவிட்டார்கள். "ஏறுறீங்களா இல்லையாம்மா?" என்று நடத்துனர் படியில் நின்று கத்தினார்.

"நீங்க போங்க" என்று கையை ஆட்டினாள்.

பஸ் வளைவில் திரும்பியபோதுதான் எனக்கு உறைத்தது. "உன் பை!"

"கடைசி ஸ்டாப்புல எடுத்து வச்சிருப்பாங்க. சாயங்காலம் போய் வாங்கிக்கலாம்." பின்னால் வரிசையாக வந்த வண்டிகளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "உங்களுக்கு எத்தனை மணிக்கு முடியும்?"

ஐந்து மணிக்கு என்றேன்.