பத்திரம் என் பேரில்

பிப். 3, செவ்வாய்
விடிந்ததிலிருந்து தூறல். சித்தப்பா களத்தில் நெல் குவித்து வைத்திருக்கிறார். தார்ப்பாய் போதுமோ என்னவோ.

பள்ளியில் வரிக் கணக்கு கொடுத்தாயிற்று. இந்த மாதச் சம்பளம் அநேகமாகப் பூஜ்யம். "பிப்ரவரின்னா நாமல்லாம் தர்மத்துக்குத்தான் உழைக்கிறோம்" என்றார் கணக்கு டீச்சர். சிரித்தோம்.

வாங்க: ரவை, பாப்பாவுக்கு ஜாமெட்ரி பாக்ஸ்.

பிப். 5, வியாழன்
குத்தாலம் வயல் விலை படிந்துவிட்டது! அப்பா கூலிக்கு நட்ட வயல். இப்போது சித்தப்பா குத்தகைக்குச் செய்வது. வெறும் வாய்ப்பேச்சுக் குத்தகை. பதியக் கேட்டதற்கு மிராசுக்காரர் ஒரு போகம் வயலில் இறங்கவே விடவில்லை.

பத்திரம் என் பேரில்தானாம். நம்பவே முடியவில்லை. "பொம்பள பேர்ல பதிஞ்சா கட்டணம் ஒரு சதவீதம் கம்மி" என்றார் இவர். அதானே பார்த்தேன்.

பணம், ஆசிரியர் சொசைட்டியில் என் பேரில் கடன். வங்கிக்காரர் அல்லவா, திட்டமெல்லாம் இவருடையது. கடன் என் சம்பளத்தில், சேமிப்பு இவர் பேரில். இவருக்குத்தான் வரி அதிகமாம். கல்யாணமான நாளிலிருந்து இதே பாட்டு. என் ஏடிஎம் கார்டுகூட இவர் பர்ஸில். கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகவும் பஸ் காசு இவரிடம்தான் கேட்கணும். சீ.

பிப். 8, ஞாயிறு
வெயில். சித்தப்பா வந்தார். "ஒம் பேர்ல வருதுன்னதும் தூக்கமே வரலம்மா. இனிமே என்னை யாரும் வயலை விட்டுக் கரையேறச் சொல்ல முடியாதுல்ல?"

"யாரு சொல்லுவா? நீங்க பாட்டுக்குச் செய்யுங்க சித்தப்பா."

இவர் பேப்பரை விட்டு நிமிரவில்லை. சித்தப்பா போனதும், "ரோட்டோரம். மனை போட்டா வெல எங்கியோ போயிடும்" என்றார். விற்க மாட்டேன் என்றேன். "சரி சரி." இவ்வளவு சீக்கிரம் இவர் சரி சொல்லி நான் பார்த்ததில்லை.

பிப். 12, வியாழன்
அரை நாள் லீவு. பதிவு முடிந்தது. என் பேரைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. எழுந்தேன்.

"உக்காரு செல்வி, இன்னொண்ணு இருக்கு."

பவர் பத்திரம். நிர்வகிக்க, சாகுபடிக்காரரை வெளியேற்ற, விற்க, எல்லா அதிகாரமும் இவருக்கு.

"ஒனக்கு ஏது லீவு? அலையப்போறது நான்தானே."

"வித்துடுவீங்க."

"அப்ப கடனை யாரு அடைக்கிறது? எல்லாரும் பாக்குறாங்க, போடு."

பேனா எழுதவில்லை என்றேன். பையிலிருந்து இரண்டு எடுத்து நீட்டினார்.

போட்டேன்.

வெளியே சித்தப்பா எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒன்று கொடுத்தார்.