பென்சிலை இறுக்கிப் பிடிக்காத கை

12.7.1996, வெள்ளிக்கிழமை

மதிப்பிற்குரிய நாட்குறிப்புக்கு வணக்கம். சில நாட்களாக எழுதத் தவறியமைக்குப் பொறுத்தருள்க.

தறிக்கொட்டகையில் வழுக்கி வலக்கையை ஊன்றி விழுந்த என் கணவருக்கு இன்று கோவையில் எக்ஸ்ரே எடுத்தனர். மணிக்கட்டின் சிற்றெலும்புகள் விலகியுள்ளனவா என்றறிய, ஒரு பென்சிலைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார்கள். படத்தில் குறையேதும் இல்லை என்றார் மருத்துவர். எனக்கோ ஐயம். உண்மையாகவே இறுக்கினால் இவர் கீழுதட்டைக் கடிப்பார். வெளியே வந்தவரின் உதட்டில் பல் பதிந்த தடமே இல்லை.

"ஏனுங்க, பென்சிலக் குருவிக்குஞ்சாட்டப் புடிச்சிருந்தீங்களா?" என்றேன்.

"வலிக்குதல்ல, அம்மணி" என்றார்.

மருத்துவர் சிரித்துவிட்டு மறுபடியும் எடுக்கச் சொன்னார். இம்முறை மெய்யாகவே இறுக்கியதில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே கருப்பாக ஒரு சந்து தெரிந்தது. அவற்றைப் பிணைக்கும் நார் கிழிந்துள்ளதாம். விரைவில் அறுவை செய்தால் பெரும்பாலும் சரியாகும். தள்ளிப்போட்டால் மணிக்கட்டு தேய்ந்து பிடிமானம் போய்விடக்கூடுமாம்.

பேருந்தில், "காட்டிக் குடுத்துப்போட்டியே. கட்டுப் பிரிக்கற வரைக்கும் தறிய ஆரு ஓட்டறது?" என்றார்.

"நானுங்க."

"நீயா? நூலு அறுந்தா அதுக்கும் இலக்கணஞ் சொல்லீட்டு நிப்பே" என்று நகைத்தார். அறுவைக்குச் சம்மதம் மட்டும் சொல்லவில்லை.

இப்போது அந்தக் கையால் என் முந்தானை நுனியைப் பற்றியபடி உறங்குகிறார். பிடியில் வலுவே இல்லை. நான் எழுந்தால் நழுவிவிடும். ஆகவே எழவில்லை.

உறங்கும் ஐயா, தாங்கள் விழித்ததும் அறுவை குறித்த பதிலை விரைந்து கூறவும்.