மேல்காட்டுக்கு விதை

அனுப்பர்பாளையம்,
ஐப்பசி 9

அன்புள்ள மாமாவுக்கு மருதாள் எழுதுவது. நானும் நம் மகள் தமிழ்மதியும் சுகம். மலையில் போனுக்கு சிக்னல் கிடைக்காததால் எதையும் சீட்டில்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நீங்கள் கேட்ட பீன்ஸ் விதையை உடுமலைப்பேட்டையில் வாங்கிப் பதினைந்து நாளாகிறது. கடையில் இல்லை என்று போன சீட்டில் எழுதியது பொய். பை கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது. விதை கைக்கு வராவிட்டால் கீழே இறங்கி வந்துவிடுவீர்கள் என்று நினைத்தேன்.

மலையிலிருந்து ஜீப்பில் சந்தைக்கு வந்த என் அண்ணன் அருள்செல்வன் நேற்று இங்கே சாப்பிட்டார். மலைச் சேதி கேட்டால் முகம் கொடுக்கவில்லை. கை கழுவும்போதுதான், "உங்க ஊட்டுக்கு மேல சரிவு பிளந்து கெடக்குது கண்ணு, கை நுழையற அகலம். உங்கிட்டச் சொல்ல வேண்டாம்னு மாப்பிள்ளை சொல்லீட்டாரு" என்றார். அதன் கீழேதான் நீங்கள் மண் கொத்திக்கொண்டு இருக்கிறீர்களாம்.

போன வருஷம் பூப்பிடிக்கும் மாதத்தில் மழையே இல்லை. காய் பறிக்கும்போது மூன்று நாள் கொட்டி எல்லாம் அழுகியது. அதற்கு முந்தின வருஷமும் அப்படித்தான். காட்டைச் சும்மா போட்டால் நம்முடையது என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது என்கிறீர்கள்.

விதைப்புக்கு வரச் சொல்லியிருந்தீர்கள். பனியன் கம்பெனியில் ஒரு வாரம் லீவு கேட்டேன். சரக்கு கப்பலுக்குப் போகும் ஷிப்மெண்ட் நேரம். "போறதுன்னா போங்கம்மா, திரும்பி வந்தா இடம் இருக்கும்னு சொல்ல முடியாதுங்க" என்றார் சூப்பர்வைசர். திட்டியிருந்தால்கூடத் தேவலை. நாள் முழுக்க நின்றபடி பனியனில் ஓட்டை தேடுகிறேன். இந்தக் கூலியில்தான் தமிழ்மதி படிக்கிறாள், உங்களுக்கும் அரிசி மலையேறுகிறது. நீங்கள் இங்கே வந்தாலும் தகரக் கூரையின் கீழ் ஒரே அறை. எருமையை எங்கே கட்டுவது என்று கேட்பீர்கள்.

இந்தச் சீட்டோடு விதையையும் அண்ணன் ஜீப்பில் கொடுத்துவிடுகிறேன். நீங்கள் பக்கத்துக் காட்டில் உதிர்ந்த மொச்சையைப் பொறுக்கி ஊன்றுவதாக அவர் சொன்ன பிறகு வைத்திருக்க முடியவில்லை. சரிவுக்குத் தள்ளி, ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பக்கத்தில் இருக்கும் நம் துண்டில் மட்டும் ஊன்றுங்கள். மேல்சரிவுக்குப் போகாதீர்கள்.

தமிழ்மதி வானத்தைப் பார்க்கும்போதெல்லாம், "அங்கே பெய்யுதாம்மா" என்று கேட்கிறாள். தெரியாது சாமி என்கிறேன். மழை இறங்கினால் எருமையை ஓட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படுங்கள். அங்கேதான் படுக்கிறேன் என்று உங்கள் கையால் ஒரு வரி எழுதி அண்ணனிடம் கொடுங்கள். நான் நம்பிக்கொள்கிறேன்.

உங்கள்
மருதாள்