ஒரு கரும்பலகைக்கு இரண்டு வாத்தியார்

அடித்தும் அணைத்தும் என்னோடு ஒரே வகுப்பில் நின்ற ஜெயசீலி அக்காவுக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். டஸ்டர் என் கை தவறிப் பறந்ததாகப் பாளையங்கோட்டை முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். தவறவில்லை. குறிபார்த்துத்தான் எறிந்தேன். தோளுக்கு வைத்த குறி புருவத்தைக் கிழித்தது. ரத்தம் சேலையில் சொட்ட, "சாருக்குக் கை வழுக்கிட்டு" என்று நீங்களே பிள்ளைகளிடம் சொன்னீர்கள். தெரிந்துதான் சொன்னீர்களா? உங்கள் அடக்கத்தன்று கேட்க நினைத்தேன். காலந்தாழ்ந்த கேள்வி. அங்கே வந்திருந்தவர்களில் பாதிப்பேர் உங்களோடு ஒரு தடவையாவது சண்டை போட்டவர்கள். குலுங்கிக் குலுங்கி அழுததும் அவர்கள்தான்.

இருபது வருஷம் ஐந்தாம் வகுப்பில் நான் ராஜா. என் குரலுக்கு வேப்பமரத்துக் காகமும் எழுந்து ஓடும். கற்பதில் சிரமமுள்ள பிள்ளைகளை மாடிப்படிக்கு அடியில் உள்ள அறையில் தனியே உட்காரவைப்பது எங்கள் வழக்கம். சிறப்பாசிரியராக வாரம் மூன்று நாள் வந்த நீங்கள் அந்த அறையைப் பூட்டிச் சாவியை ஹெச்.எம். மேடத்திடம் கொடுத்தீர்கள். பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள், நானும் அங்கேதான் இருப்பேன் என்றீர்கள்.

எனக்கு வயிறு எரிந்தது. ஆசிரியர் அறையில், "எனக்கு ஒரு சக்களத்தி வந்துட்டாவே" என்று சொல்லிச் சிரித்தேன். வாசலில் நீங்கள்.

"சக்களத்தின்னா சண்டை போடணும்லா சார். வாங்க, வகுப்புக்குப் போவோம்" என்றீர்கள்.

ஏற்பாடு இதுதான். ஒருவர் கரும்பலகையில் நிற்பார், மற்றவர் புதிதாகச் சேர்ந்திருந்த இசக்கி பக்கத்தில் நிற்பார். இடம் மாறும்போது "மாத்திக்கிடுவோம்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாமல் நகரக்கூடாது.

இசக்கிக்குப் பத்து வயது, நாலைந்து வார்த்தைதான் பேச வரும். மாஞ்சோலையில் தேயிலை பறித்த குடும்பம். தோட்டத்தை மூடி மலையிலிருந்து எல்லாரும் இறங்கியபோது அவர்களும் இறங்கி வந்தார்கள். முதல் வாரமே என் முழங்கையைக் கடித்தாள். பல்தடத்தைக் கடைவீதி அண்ணாச்சிமார் அத்தனை பேருக்கும் காட்டி டீ வாங்கிக் குடித்தேன். அடுத்து என் கண்ணாடி நொறுங்கியது. சோற்றுத்தட்டு பறந்து சுவரில் சாம்பார் வழிந்தது. அவள் தன் தலையையே சுவரில் மோதும்போது நீங்கள் உள்ளங்கையை இடையில் கொடுப்பீர்கள். உங்கள் சுண்டுவிரல் பிசகியது அப்படித்தான். பின்னாலிருந்து கட்டிப்பிடித்தபோது அவள் மண்டை இடித்து உங்கள் உதடு பிளந்தது. அந்த உதட்டோடும் என்னைப் பார்த்துத்தான் பேசினீர்கள்.

"பிரம்பைக் கீழ வைங்க சார். பைய பேசுங்க."

நாற்பது பிள்ளைகள் முன்னால், எனக்கு, என் வகுப்பில். அதற்குத்தான் டஸ்டர்.

மறுநாள் புருவத்தில் பிளாஸ்திரியோடு வந்தீர்கள். நாம் பேசிக்கொள்ளவில்லை. நான் பலகையில், நீங்கள் இசக்கி பக்கத்தில். பின்னக் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டுச் சாக்பீஸை மேசையில் வைத்தேன். இனி டீச்சர் பாடு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே பார்த்தேன். நீங்கள் பலகைக்கு வந்தீர்கள். சார் இசக்கியிடம் போய்விட்டார் என்று நினைத்தீர்கள். நானோ, நீங்கள் இன்னும் அவளிடம்தான் நிற்கிறீர்கள் என்று நினைத்தேன். அந்த ஒற்றை வார்த்தையை யாரும் சொல்லவில்லை.

பெஞ்சு ஆடிய சத்தம் கேட்டுத் திரும்பினேன். பக்கத்தில் இருந்த மகேஷின் தலைமுடியை இசக்கி பிடித்திருந்தாள். அவன் முகத்தைப் பெஞ்சு விளிம்பில் ஒருமுறை, இன்னொருமுறை. நாம் ஓடிப்போய்ப் பிரிப்பதற்குள் முன்பல் தரையில் கிடந்தது. வாத்தியார் இரண்டு பேர் இருந்த வகுப்பில் அந்த நிமிஷம் வாத்தியாரே இல்லை.

அடுத்த நாள் காலை மகேஷின் வீட்டார் பள்ளிக்கூடத்தில் கூடிவிட்டார்கள். இசக்கியை வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று மேடம் பேப்பரே எழுதி வைத்துவிட்டார்கள். அவளுக்கு வேறு பள்ளிக்கூடம் கிடையாது. ஏற்கெனவே இரண்டு இடத்தில் கைவிரித்திருந்தார்கள். அவள் அப்பா இப்போது காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குகிறார். விஷயம் தெரிந்ததும் இடுப்பிலிருந்த பச்சை பெல்ட்டை உருவினார். வராந்தாவில் முதல் அடி பிள்ளையின் காலில் விழுந்தது. இரண்டாவது உங்கள் முதுகில். சத்தம் ஆபீசுக்குள் கேட்டது. நான் எங்கே இருந்தேன் என்று யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருந்தேன்.

"பெல்ட்டை மாட்டுங்க அண்ணாச்சி" என்றீர்கள். மூச்சு வாங்கியது. குரல் ஏறவில்லை.

மனிதர் உடைந்துபோனார். "மலையில இருக்கும்போது இது ஒரு கோழியைக்கூட அடிச்சதில்ல டீச்சர். இங்கன வந்துதான் இப்படி ஆயிட்டு."

நீங்கள் நேரே உள்ளே வந்தீர்கள். "பிள்ளை மேல தப்பு இல்ல மேடம். நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிடல. அவள யாரும் பாக்கல."

மேடம் என்னைப் பார்த்தார்கள். டீச்சர் பொறுப்பில்தான் விட்டிருந்தேன் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும், நான் தப்பிவிடலாம். இசக்கி போய்விடுவாள், என் ராஜ்யம் திரும்பி வந்துவிடும். நாக்கு நுனிவரை வந்தது அக்கா. உங்கள் முதுகில் ரவிக்கைக்கு மேலே பெல்ட் தடம் தடித்துக்கொண்டிருந்தது. "ஆமா மேடம், ரெண்டு பேரு தப்புந்தான்" என்று முணுமுணுத்தேன். என் பங்கு எவ்வளவு என்று சொல்லவில்லை. மேடம் பேப்பரைக் கிழிக்காமல் மடித்து வைத்தார்கள். பருவம் முடியும்வரை தவணை. இன்னொரு பிள்ளைக்கு ரத்தம் வந்தால் இசக்கி வெளியே.

அந்தப் பருவம் முடிய நீங்கள் இருக்கவில்லை.

செய்தி சொல்லவேண்டும். நீங்கள் இல்லாத முதல் செவ்வாய்க்கிழமை, வகுப்பு வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்த இசக்கி ஜன்னல் கண்ணாடியைக் கையால் குத்தினாள். பின்னாலிருந்து கட்டிப்பிடித்தேன், நீங்கள் பிடிப்பதுபோலவே. அவள் மண்டை என் மூக்கில் இடித்து, சட்டையெல்லாம் ரத்தம். மேடம் மடித்து வைத்த பேப்பரை எடுத்தார்கள். வாத்தியார் ரத்தம் பிள்ளை ரத்தத்தில் சேராது என்று மூக்கில் பஞ்சோடு வாதாடினேன். அவர்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பருவம் முடிந்தது, பேப்பர் கிழிந்தது. இசக்கி இருக்கிறாள். மகேஷுக்கும் அவளுக்கும் நடுவில் இரண்டு பெஞ்சு. நேற்று அவன் ரப்பரை அவள் பக்கம் உருட்டிவிட்டான். அவள் திருப்பித் தரவில்லை, கடிக்கவும் இல்லை.

உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் சுபா டீச்சரோடும் சண்டைதான். ஒன்று மட்டும் உங்களுக்கு வாக்குத் தருகிறேன். எத்தனை கோபத்திலும் இடம் மாறுகிறேன் என்பதை வாய்விட்டுச் சொல்லாமல் ஓர் அடி நகரமாட்டேன்.

இப்படிக்கு,
நீங்கள் கேட்டு வாங்காத தம்பி,
சங்கரலிங்கம்

பி.கு.: உங்கள் அலமாரியைக் காலி செய்தபோது சுபா டீச்சர் ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்தார். இசக்கி யாரை எப்போது அடித்தாள், அதற்கு முந்தைய நிமிஷம் வகுப்பில் என்ன நடந்தது என்று தேதிவாரியாக எழுதியிருக்கிறீர்கள். நான் லீவு போட்டிருந்த நாட்களில் எல்லாம் ஒரே வரிதான்: 'இன்று அமைதி.'